தெர்மகோல் பூமி போதுமா?

ஜூன் மாதம் ஸ்கூல் திறந்த கையோடு உங்கள் வீட்டு வாண்டு ஒரு சுற்றறிக்கையோடு வந்து நிற்கும். 'உலகச் சுற்றுச்சூழல் தினப் போட்டி. தலைப்பு: பூமியைக் காப்போம். மாடல் செய்து எடுத்து வரவும். கடைசித் தேதி: நாளை!'

அப்புறம் என்ன நடக்கும்? உங்களுக்குத் தெரியாததா! ராத்திரி எட்டு மணிக்கு அப்பா கடைக்கு ஓடுவார். ஒரு தெர்மகோல் ஷீட், பசை, ஜிகினா, பச்சை பெயிண்ட், பிளாஸ்டிக் மரம் நாலு. பதினொரு மணி வரை அம்மா உட்கார்ந்து வெட்டுவார், ஒட்டுவார். குழந்தை பாதியிலேயே தூங்கிப் போயிருக்கும். மறுநாள் பரிசு கிடைக்கும். போட்டோ எடுப்பார்கள். அடுத்த வாரம் அந்த மாடல் குப்பைத் தொட்டிக்குப் போய்விடும்.

மக்காத தெர்மகோலில், மக்காத மரத்தை நட்டு, பூமியைக் காப்பாற்றியாகிவிட்டது!

சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை இது. அந்தக் குழந்தை அன்றைக்கு என்ன கற்றுக்கொண்டது என்று கொஞ்சம் யோசியுங்கள். 'பூமியைக் காப்போம்' என்று எழுதினால் பரிசு. காப்பாற்ற வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை. சொல்வது ஒன்று, செய்வது ஒன்று. எட்டு வயதில் இந்தப் பாடம் மனதில் ஏறிவிட்டால், பிறகு எத்தனை புத்தகம் படித்தாலும் இறங்காது.

இத்தனைக்கும் நம் நாட்டில் இதற்கு உத்தரவோ திட்டமோ இல்லாமல் இல்லை. எம்.சி.மேத்தா என்ற வழக்கறிஞர் தொடுத்த பொதுநல வழக்கில், சுற்றுச்சூழலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் கட்டாயப் பாடமாகச் சொல்லித் தர வேண்டும் என்று 1991 நவம்பரிலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. நடைமுறைக்கு வருவதில் தாமதம் ஆனதும், 2003 டிசம்பரில் கோர்ட் மறுபடியும் தலையிட்டது. ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் பாடத்திட்டம் தயாரானது. இதற்கு நடுவே, 2001ல் மத்திய அரசு தேசியப் பசுமைப் படையை ஆரம்பித்தது. ஆயிரக்கணக்கான பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றங்கள் முளைத்தன.

ஆக, பாடம் இருக்கிறது. மன்றம் இருக்கிறது. கொண்டாட ஒரு தினமும் இருக்கிறது. பிறகு எங்கே கோட்டை விடுகிறோம்?

ரெண்டு இடத்தில். ஒன்று பள்ளிக்கூடம். இன்னொன்று... கோபித்துக்கொள்ளாதீர்கள்... நம் வீடு!

கோஷம் வேண்டாம், கணக்கு வேண்டும்

'நீரின்றி அமையாது உலகு' என்று குழந்தை பரீட்சையில் அழகாக எழுதிவிடும். அதே பள்ளியின் கை கழுவுகிற இடத்தில் ஒரு குழாய் வருஷம் முழுக்க ஒழுகிக் கொண்டிருக்கும். ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று குழந்தைக்கு யாருமே சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

அதே குழந்தையின் கையில் ஒரு லிட்டர் பாத்திரத்தையும் ஒரு கடிகாரத்தையும் கொடுத்துப் பாருங்கள். குழாய்க்குக் கீழே வைக்கட்டும். பாத்திரம் நிரம்ப ஒரு மணி நேரம் ஆனால், ஒரு நாளைக்கு 24 லிட்டர். மாதத்துக்கு 720 லிட்டர். சொட்டுச் சொட்டாகப் போனதில் ஒரு பேரல் தண்ணீர் என்ன, மூன்று பேரல் தண்ணீர் காலி! இந்தக் கணக்கைத் தானே போட்ட குழந்தை அந்தக் குழாயைச் சும்மா விடாது. ஹெட்மாஸ்டர் அறை வாசலில் போய் நிற்கும். வாஷர் மாற்றுகிற வரைக்கும் ஓயாது.

மின்சாரமும் அப்படித்தான். ஒரு சாதாரண மின்விசிறி சுமார் 75 வாட். பதின்மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடினால் ஒரு யூனிட். பி.டி. பீரியடில் காலியாகக் கிடக்கிற வகுப்புகளில் எத்தனை மின்விசிறி சுற்றுகிறது என்று நாலாம் வகுப்புப் பிள்ளைகள் எண்ணட்டும். ஒரு மாதத்துக்கு எத்தனை யூனிட் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பெருக்கட்டும். பெருக்கல் கணக்குக்கு இதைவிட நல்ல பயிற்சி உண்டா?

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் 1994ல் ஒரு காரியம் செய்தார்கள். 'பாதிக்குப் பாதி' என்று அதற்குப் பெயர். பிள்ளைகளும் ஆசிரியர்களும் கவனமாக இருந்து பள்ளியின் மின்சாரச் செலவையும் எரிபொருள் செலவையும் குறைத்தால், மிச்சமான பணத்தில் பாதி அந்தப் பள்ளிக்கே! மீதிப் பாதி நகர நிர்வாகத்துக்கு. 'அணைத்தால் பணம் மிச்சம்' என்று போர்டு எழுதி வைக்கவில்லை; மிச்சத்தைக் கையில் கொடுத்துக் காட்டினார்கள். பிறகு இந்த யோசனை மற்ற ஊர்களுக்கும் மற்ற நாடுகளுக்கும் பரவியது.

'அது ஜெர்மனி ஸார், நம்ம ஊருக்கு ஒத்து வருமா?' என்று கேட்கிறீர்களா? நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2006ல் 'பசுமைப் பள்ளிகள் திட்டம்' தொடங்கியது. காற்று, தண்ணீர், நிலம், மின்சாரம், உணவு, குப்பை என ஆறு விஷயங்கள். பிள்ளைகளே தங்கள் பள்ளியைத் தணிக்கை செய்ய வேண்டும். எத்தனை பேர் சைக்கிளில் வருகிறார்கள், எத்தனை பேர் காரில் வருகிறார்கள், மழைத் தண்ணீர் எங்கே போகிறது, குப்பை எத்தனை கிலோ... எல்லாவற்றையும் எண்ணி, எடை போட்டு, எழுதி வைக்க வேண்டும். ஆடிட்டர் வேலை! இதில் பேச்சுப் போட்டிக்கு இடமே கிடையாது. பொய் சொன்னால் கணக்கு உதைக்கும்.

உடம்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. சுற்றுச்சூழல் என்றதும் அமேஸான் காடு, பனிக்கரடி என்று எங்கேயோ போய்விடுகிறோம். குழந்தைக்கு முதல் சுற்றுச்சூழல், அது உட்கார்ந்திருக்கிற பெஞ்சைச் சுற்றி இருக்கிற பத்தடிதான்.

டெங்கு காய்ச்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பரப்புகிற ஏடிஸ் கொசு பகலில் கடிக்கிற ஜாதி. பகலில் உங்கள் பிள்ளை எங்கே இருக்கிறது? பள்ளியில்! வீட்டில் ராத்திரி கொசுவலை கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தால் போதுமா? மொட்டைமாடித் தொட்டியின் உடைந்த மூடி, பூந்தொட்டிக்குக் கீழே வைத்த தட்டு, மைதானத்து மூலையில் கிடக்கிற டயர், தேங்காய்ச் சிரட்டை... தெளிந்த தண்ணீர் தேங்குகிற இடமெல்லாம் அதற்குப் பிரசவ ஆஸ்பத்திரி. முட்டையிலிருந்து கொசுவாகிப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் போதும். எனவே வாரம் ஒரு தடவை இந்த இடங்களை ஒரு சுற்றுப் பார்த்து வந்தால் பரம்பரையே அறுந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. இந்தக் கொசு பாத்திரத்தின் உள்சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் முட்டை உயிரோடு இருக்கும். மழை பெய்ததும் பொரியும். தேய்த்துக் கழுவ வேண்டும். இதை ஐந்தாம் வகுப்புப் பையனுக்குச் சொல்லிக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பெரியவர் ஒருவரோடு 'கொசு இன்ஸ்பெக்டர்' ஆகப் பள்ளியைச் சுற்றி வரட்டும். சனிக்கிழமை உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டை எட்டிப் பார்க்கும் பாருங்கள்! எத்தனையோ துண்டுப் பிரசுரம் செய்யாத வேலையை அந்தப் பொடிசு செய்துவிடும்.

அடுத்து காற்று. எடைக்கு எடை பார்த்தால் பெரியவர்களைவிடக் குழந்தைகள் ஜாஸ்திக் காற்றை உள்ளே இழுக்கிறார்கள். அவர்களுடைய நுரையீரல் இன்னும் வளர்ந்து கொண்டிருக்கிறது. இப்போது பள்ளி விடுகிற நேரத்து கேட் வாசலை நினைத்துப் பாருங்கள். வேன், கார், ஆட்டோ, ஸ்கூட்டர் என்று வரிசையாக நிற்கும். பாதி வண்டிகளில் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். புகை எந்த உயரத்தில் வருகிறது? சரியாகக் குழந்தையின் மூக்கு உயரத்தில்! 'காத்திருக்கும்போது இன்ஜினை அணையுங்கள்' என்று பிள்ளைகளே ஒரு வாரம் கேட்டில் அட்டையோடு நின்றால் எந்த அப்பாவாலும் மறுக்க முடியாது. மரக்கன்றோடு போட்டோ எடுப்பதைவிட இதில் பலன் உடனே தெரியும்.

சாப்பாடும் இதில் சேர்ந்ததுதான். பள்ளி கேட்டிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020ல் விதி கொண்டு வந்தது. விதி ஏட்டில் இருக்கிறது. சிப்ஸ் பாக்கெட் சரம் சரமாக வாசலில் தொங்குகிறது. வகுப்புக் குப்பைக் கூடையைக் கொட்டி, பளபளக்கிற காலிப் பாக்கெட்டுகள் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். பூமிக்கு எவ்வளவு குப்பை, தங்கள் வயிற்றுக்குள் எவ்வளவு குப்பை என்று ஒரே எண்ணிக்கையில் தெரிந்துவிடும்.

பயமுறுத்தாதீர்கள், ப்ளீஸ்!

சில பள்ளிகளில் வேறு மாதிரி தப்பு நடக்கிறது. 'உலகம் அழியப் போகிறது, கடல் பொங்கப் போகிறது, குடிக்கத் தண்ணீரே இருக்காது' என்று படம் போட்டுக் காட்டிப் பிள்ளைகளை மிரட்டி அனுப்புகிறார்கள். அது ராத்திரி தூங்காமல் புரள்கிறது.

2021ல் லான்செட் குழும மருத்துவ இதழ் ஒன்றில் ஓர் ஆய்வு வெளியானது. இந்தியா உட்பட 10 நாடுகளில், 16 முதல் 25 வயது வரையிலான 10,000 பேரிடம் பருவநிலை மாற்றம் பற்றிக் கேட்டார்கள். அவர்களில் 59 சதவிகிதம் பேர் 'ரொம்ப ரொம்பக் கவலையாக இருக்கிறது' என்று சொன்னார்கள். வாலிபர்களுக்கே இந்தக் கதி என்றால் மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு எப்படி இருக்கும்?

நிஜத்தை மறைக்கச் சொல்லவில்லை. பயத்தைக் கொடுத்தால் கூடவே ஒரு வேலையையும் கொடுங்கள் என்கிறேன். செய்து முடிக்கக்கூடிய சின்ன வேலை. மழைத் தண்ணீர் போகிற குழாயில் அடைத்திருக்கும் இலைகளை எடுப்பது. ஒரே ஒரு வேப்பங்கன்றுக்கு வருஷம் முழுக்கத் தண்ணீர் ஊற்றுவது. 'என்னால் முடிந்தது' என்ற எண்ணம் குழந்தைக்கு நல்ல டானிக். பயத்தை மட்டும் ஊட்டி, கையைக் கட்டிப் போடுவது கொடுமை.

'படிப்பு கெட்டுடாதா?'

இந்தக் கேள்வி வராமல் இருக்காது. 'ஸ்கூலுக்கு ஃபீஸ் கட்டறது படிக்கிறதுக்கா, தோட்ட வேலை பார்க்கறதுக்கா?' என்று பேரன்ட்ஸ் மீட்டிங்கில் எழுந்து கேட்பவர்கள் உண்டு.

சீனாவில் குவாங்சௌ நகரில் 12 பள்ளிகளில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில், திறந்தவெளியில் ஒரு பீரியட். மூன்று வருஷம் கழித்துக் கண்ணைப் பரிசோதித்தார்கள். மற்றப் பள்ளிகளில் 39.5 சதவிகிதம் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே விட்ட பள்ளிகளில் 30.4 சதவிகிதம்தான். 2015ல் இந்த முடிவு வெளியானது. வெளிச்சத்தில் இருந்ததற்கே இந்தப் பலன்! வெயில் ஏறாத நேரமாகப் பார்த்து, செடி வைப்பது, பறவை எண்ணுவது என்று பிள்ளைகளை வெளியே அனுப்பினால், கண்ணாடிக் கடைக்குப் போகிற செலவு சிலருக்காவது மிச்சமாகலாம். கணக்கும் அறிவியலும் கூடவே வருவது போனஸ்.

மார்க் போடுவது நாம்தான்

சரி, இப்போது நம் வீட்டுக்கு வருவோம்.

நல்ல டீச்சர் ஒருத்தர் கிடைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை ஆர்வமாக வருகிறது. 'அம்மா, ஏன் எல்லாத்தையும் ஒரே பையில போடறே? காய்கறித் தோலைத் தனியா போடணும்னு மிஸ் சொன்னாங்க.' நம் பதில் என்ன? 'ஆமா, பெரிய கலெக்டர் வந்துட்டாரு! போய் ஹோம் ஒர்க்கை முடிடா.'

முடிந்தது! மிஸ் ஒரு வருஷம் சொன்ன பாடத்தை நாம் ஒரு வரியில் அழித்துவிட்டோம். 2016ல் வந்த திடக்கழிவு விதிகள், குப்பையை வீட்டிலேயே பிரிக்கச் சொன்னது நம்மைத்தான், குழந்தையை அல்ல. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறிகிற 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. பள்ளியில் மஞ்சப்பை பற்றிக் கட்டுரை எழுதிய குழந்தையைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய், 'ஒரு கேரி பேக் குடுப்பா' என்று கேட்டால், அது நம்மைப் பற்றி என்ன நினைக்கும்? வாய்விட்டுச் சொல்லாது. ஆனால் மார்க் போட்டுவிடும்.

இதன் மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் நார்த் கரோலினா மாநிலத்தில் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் பருவநிலை மாற்றம் பற்றிப் பாடம் நடத்தினார்கள். வீட்டில் பெற்றோரிடம் அதைப் பற்றிப் பேச வைத்தார்கள். பிறகு பார்த்தால், பிள்ளைகளோடு சேர்ந்து பெற்றோரின் அக்கறையும் கூடியிருந்தது! அதிலும் அப்பாக்கள் நன்றாகவே மாறியிருந்தார்கள். மகன்களைவிட மகள்கள் சொன்னது ஜாஸ்தி எடுபட்டது. 2019ல் வெளியான ஆய்வு இது. பெண் சொன்னால் அப்பா கேட்பார் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்தானே?

பெரியவர்கள் நடந்து காட்டினால் பாடப் புத்தகமே தேவையில்லை. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிக் கொள்ளுக்குடிப்பட்டி என்ற கிராமம் இருக்கிறது. கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று அந்த ஊர் மக்கள் பல வருஷங்களாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்த ஊர்க் குழந்தைகளுக்கும் பட்டாசு ஆசை இல்லாமலா இருக்கும்? ஆனாலும் வெடிப்பதில்லை. காரணம், ஊர்ப் பெரியவர்களும் வெடிப்பதில்லை. அவ்வளவுதான்!

பள்ளியில் கேளுங்கள்

அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் 'ரேங்க் ஏன் இறங்கிச்சு?' என்பதோடு இதையும் கேட்டுப் பாருங்கள்.

* சுற்றுச்சூழல் மன்றம் இருக்கிறதா? ஜூன் 5 தவிர மற்ற நாளில் அது என்ன செய்கிறது?

* போன வருஷம் நட்ட கன்றுகளில் எத்தனை உயிரோடு இருக்கின்றன? (இந்த வருஷம் எத்தனை நடப் போகிறீர்கள் என்று கேட்காதீர்கள்!)

* தண்ணீர், மின்சாரம், குப்பை மூன்றில் ஒன்றையாவது பிள்ளைகள் அளந்து எழுதி வைக்கிறார்களா?

* போட்டிகளுக்குத் தெர்மகோலும் ஜிகினாவும் வேண்டாம், வீட்டில் கிடக்கிற பழைய பொருளே போதும் என்று ஒரு வரி சுற்றறிக்கையில் சேர்ப்பார்களா?

* ஊர்வலம் என்ற பெயரில் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தாமல் இருப்பார்களா? துப்புரவுப் பணி என்றால் கையுறை, சோப்பு, குடிதண்ணீர் உண்டா? வெறும் கையில் கண்ணாடித் துண்டும் ஊசியும் பொறுக்க விடுவது விழிப்புணர்வு இல்லை, ஆபத்து.

கேட்கிறபோது சண்டைக்குப் போகாதீர்கள். டீச்சர்களுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. 'மாதம் ஒரு சனிக்கிழமை நான் வந்து உதவி செய்கிறேன்' என்று நீங்கள் சொன்னால், அந்த ஒரு வார்த்தைக்கே பாதி மன்றங்கள் உயிர் பெற்றுவிடும்.

வீட்டுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான். இன்று சாயங்காலம் பிள்ளை வந்து, 'இதை ஏன் இப்படிச் செய்யறீங்க?' என்று கேட்டால், உடனே வாயை அடைக்காதீர்கள். 'அட, ஆமாம்! எப்படிச் செய்யலாம்னு நீயே சொல்லு' என்று கேளுங்கள். சொன்னதில் ஒன்றையாவது ஒரு மாதம் செய்து பாருங்கள். பெரிய மனுஷர்களும் நம் பேச்சைக் கேட்கிறார்கள் என்று அதற்குத் தெரியட்டும். எந்த ட்ரில் மாஸ்டரும் தர முடியாத தைரியம் அது.

நாளைக்கு இந்த ஊரின் ஏரி, குளம், காற்று எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்கப் போகிறவர்கள் அவர்கள்தான். பயிற்சியை இன்றைக்கே, நம் வீட்டுக் குப்பைக் கூடையிலிருந்து ஆரம்பிக்கட்டுமே!